கழட்டினதை உடைக்கணும்

சன்னலைக் கொஞ்சம் சாத்திக்கிறீங்களா தம்பி? எனக்காக இல்ல, இந்தப் பைக்குள்ள இருக்கிறதுக்குத் தூசி ஆகாது. லேப்டாப்பு. என்ன பாக்குறீங்க, இந்த வயசுல இந்த ஆளுக்கு லேப்டாப்பான்னா? என்னோடது இல்ல, என் மருமகளோடது. ஒம்பது வருஷத்துப் பழசு. ஆனா இப்ப நீங்க பொத்தானை அமுக்கிட்டு பத்து எண்ணுங்க, தொறந்திருக்கும். தொறந்தே காட்டுவேன், பஸ்ஸு இந்த ஆட்டம் ஆடுதேன்னுதான் பாக்குறேன். யாரு சரி பண்ணதுன்னு கேளுங்க. இந்தா, இந்தக் கைதான்.

சங்கரன்கோவிலா நீங்க? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான் எறங்கணும். மருமக அங்கதான் அவ அப்பன் வீட்டுல உக்காந்திருக்கா. ரெண்டு மாசம் ஆச்சு. கூட்டிட்டு வரத்தான் போறேன். சண்டையான்னா, சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி. நான் நல்லது செஞ்சேன், அவ கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா. நல்லதுக்குக் காலமில்லன்னு சும்மாவா சொன்னாங்க.

நான் சங்கரலிங்கம். ராஜபாளையத்துல ஒரு நூல் மில்லுல முப்பத்திநாலு வருஷம் எலக்ட்ரீசியன். அதுல கடைசி இருபது வருஷம் தலைமை எலக்ட்ரீசியன். மில்லு பேரு எதுக்கு, இப்ப அது கல்யாண மண்டபம். நான் கேட்டுக்குள்ள நுழையறப்பவே சத்தத்தக் கேட்டு, எந்த மெஷின்ல எந்த பேரிங் போகப்போகுதுன்னு சொல்லிருவேன். மானேஜரே சொல்லுவாரு, லிங்கத்துக்குக் காது இல்லய்யா, அது மீட்டருன்னு. ரிட்டயர் ஆகிப் பத்து வருஷம் ஆச்சு. காது மட்டும் ரிட்டயர் ஆகல.

அந்தக் காதுதான் கண்டுபிடிச்சுச்சு. மருமக அவ ரூம்புல உக்காந்து தட்டிக்கிட்டிருப்பா. ஒரு நாளு அந்த லேப்டாப்புல இருந்து டிக், டிக், டிக்னு ஒரு சத்தம். நின்னுரும், மறுபடி டிக், டிக். "ஏம்மா தமயந்தி, அதுக்குள்ள ஏதோ போகப்போகுது"ன்னு ஹால்ல இருந்தே சொன்னேன். அவ வெளிய வந்து பாத்தா. மொகம் வெளுத்துப்போச்சு. "ஹார்டு டிஸ்க்கு மாமா. எல்லாம் அதுலதான் இருக்கு"ன்னா.

எல்லாம்னா என்ன எல்லாம்? சொல்றேன். அவ பி.எச்.டி. பண்றா. கல்யாணம் ஆகி ஆறு வருஷம், அஞ்சு வருஷமா அதையேதான் பண்றா. என் மகன் ராஜகுரு மஸ்கட்ல இருக்கான். வருஷத்துக்கு ஒரு மாசம் வருவான். இவ இங்க வேலையத்துப்போய் மில்லுல வேலை பாத்த பொம்பளைங்களையெல்லாம் தேடித் தேடிப் போயி, ஒரு சின்ன மெஷினை நீட்டி, அந்தக் காலத்துல என்ன நடந்துச்சு, யாரு என்ன சொன்னா, எங்க அடிபட்டுச்சுன்னு கேட்டுப் பதிஞ்சு வச்சிருக்கா. நாப்பத்தொரு பேரு. நூறு மணி நேரத்துக்கு மேல பேச்சு. பொம்பளைங்க பேச்சுல டாக்டர் பட்டம் வாங்க முடியும்னு எனக்கு இந்த வயசுலதான் தெரிஞ்சுச்சு.

வேற எங்கயும் பத்திரமா வச்சுக்க மாட்டாளான்னு கேக்குறீங்களா? நானும் கேட்டேன். அந்தப் பொம்பளைங்க சத்தியம் வாங்கிட்டுத்தான் வாயத் தொறந்தாளுகளாம். நெட்டுல ஏத்தக்கூடாது, இன்னொரு ஆளு கைக்குப் போகக்கூடாது, ஒங்கிட்ட மட்டும்தான் இருக்கணும்னு. இவளும் அரிச்சந்திரன் பேத்தியாட்டம் இந்த ஒரே டப்பாவுல வச்சிருந்திருக்கா. படிச்ச புள்ள! கையில சத்தியத்த வச்சுக்கிட்டு என்ன பண்ண?

என் வீட்டுக்காரிகூடப் பேசிருக்கா. பாக்கியத்தாய். அவளும் அதே மில்லுதான், நூல் சுத்துற பக்கம். அங்கதான் நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டது. தவறி மூணு வருஷம் ஆச்சு. கடைசி மாசம் படுக்கையில கெடந்தப்ப மருமக பக்கத்துல உக்காந்து பதிஞ்சிருக்கா. என்ன பேசினான்னு எனக்குத் தெரியாது. நான் கேக்கவும் இல்ல. பொம்பளைங்க பேச்சு நமக்கெதுக்கு தம்பி.

சரி, விஷயத்துக்கு வாரேன். மதுரையில ஒரு கடைக்காரன் போன்லயே சொல்லிட்டான். உடனே ஆஃப் பண்ணுங்க, இனி ஆன் பண்ணாதீங்க, நேர்ல கொண்டாங்க, பழைய டிஸ்க்குல இருந்து புதுசுக்கு எல்லாத்தையும் இழுத்துத் தந்துரலாம்னு. புது டிஸ்க்கும் மறுநாள் காலையிலயே கூரியர்ல வந்துருச்சு. சின்னச் சீட்டுக்கட்டு கனம்கூட இல்ல. சனிக்கிழமை கொண்டு போறதா ஏற்பாடு. அந்தச் சத்தம் வந்தது புதன்கிழமை. வியாழக்கிழமை அவ காலேஜுக்குப் போயே ஆகணும், அவளோட புரொபசர் வரச்சொல்லிட்டாரு. போகும்போது செருப்ப மாட்டிக்கிட்டுச் சொல்றா, "மாமா, அதை யாரும் தொட வேண்டாம். ஆன் பண்ண வேண்டாம். பழசுலதான் மாமா எல்லாம் இருக்கு." மூணு தரம் சொன்னா. நான் என்ன சின்னப் புள்ளையா?

நான் ஆன் பண்ணல தம்பி. அது சத்தியம். ஆன் பண்ணவே இல்ல.

கழட்டினேன். தொழில் தெரிஞ்சவன் வீட்டுல இருக்கும்போது எதுக்கு மதுரைக்குத் தூக்கணும்? அவளுக்கு ஒரு அலைச்சல் மிச்சம்தானே. டேபிள் மேல வேட்டியை விரிச்சு, அதைக் கவுத்துப் போட்டு, மொத வேலையா பேட்டரியக் கழட்டிட்டேன். எந்த வேலைன்னாலும் மொதல்ல கரண்ட்ட நிறுத்தணும். பொறவு அடிமூடியில இருக்கிற திருகு ஒவ்வொண்ணா. கழட்டக் கழட்ட ஒரு வெள்ளைத் தாள்ல எது எங்க இருந்துச்சுன்னு படம் வரைஞ்சு அது மேலயே வச்சேன், மாறிப்போகக் கூடாதுல்ல. உள்ள ஒரு மூலையில ஒக்காந்திருந்துச்சு பழசு. தகரச் சட்டத்துல நாலு திருகு. பக்கவாட்டுல லேசா இழுத்தா, பிளக்குல இருந்து பல்லு விழுந்த மாதிரி கையோட வந்துருச்சு. புதுச அதே சட்டத்துல மாட்டி, அதே பிளக்குல தள்ளி, மூடி, முடுக்கி, கால் மணி நேரம். ஒரு திருகு மிச்சமில்ல. அடிமூடிக்குள்ள ஒம்பது வருஷத்து அழுக்கு, அதையும் பிரஷ் வச்சுத் தட்டிவிட்டேன். பஜார்ல ஒருத்தர்கிட்ட கொடுத்து வேண்டியதெல்லாம் ஏத்தியாச்சு. பத்து எண்ணுறதுக்குள்ள தொறந்துச்சு. அவரே அசந்துட்டாரு, யாருண்ணே மாட்டினதுன்னு.

வீட்டுக்கு வந்து லேப்டாப்புக்குச் சந்தனம் குங்குமம் வச்சேன். சரி பண்ண மெஷினை மில்லுல அப்படித்தான் ஓட விடுவோம். பொறவு பழைய டிஸ்க்க எடுத்துக்கிட்டுப் போயி, கொல்லையில துவைக்கிற கல்லு மேல வச்சு, சுத்தியலால நாலு போடு.

ஏன் இப்படிப் பாக்குறீங்க? அதான் முறை தம்பி.

மில்லுல அது சட்டம். ஒரு பாகம் கெட்டுப்போய் மாத்தினா, கழட்டினதை அன்னிக்கே உடைக்கணும். உடைச்சதைச் சூப்பர்வைசர்கிட்ட காட்டணும். அப்பத்தான் வேலை முடிஞ்சதுன்னு கையெழுத்துப் போடுவாரு. இல்லைன்னா என்னாகும்? பாத்தா நல்லாத்தான் இருக்குன்னு எவனாவது எடுத்து மறுபடி மாட்டிருவான். அந்தச் சட்டத்தைக் கொண்டுவரச் சொன்னதே நான்தான். இருபது வருஷம் உடைச்ச கை, புதுசு மாட்டின உடனே சுத்தியலத் தேடுது, நான் என்ன பண்ண? பழக்கம்.

எதுக்கு அந்தச் சட்டம் வந்துச்சுன்னும் சொல்லிர்றேன். முப்பத்தோரு வருஷம் முந்தி ஒரு விபத்து. பஞ்சு அடிக்கிற மெஷினுக்கு ஒரு கதவு உண்டு. கதவு தொறந்திருந்தா மெஷின் கிளம்பக்கூடாது, அதுக்குன்னு அங்க ஒரு சுவிட்ச். எவனோ ஒருத்தன், கெட்டுப்போச்சுன்னு கழட்டிப் போட்ட பழைய சுவிட்சையே எடுத்துத் திருப்பி மாட்டிட்டான். சண்முகத்தாய்னு ஒரு பொண்ணு, பதினேழு வயசு, கதவத் தொறந்து உள்ள கைய விட்டு அடைச்ச பஞ்ச எடுத்துக்கிட்டிருக்கா. அந்தப் பக்கம் நின்ன ஆளு பாக்காம ஸ்டார்ட் பண்ணிட்டான். சுவிட்சு தடுக்கல. வலது கை, மணிக்கட்டோட.

விசாரணை நடந்துச்சு. வந்து பாத்தப்ப சுவிட்சு புத்தம் புதுசா வேலை செஞ்சுச்சு. அப்ப யாரு மேல தப்பு? பொண்ணு கதவைச் சரியாத் தொறக்காம கைய விட்டிருக்கா, அஜாக்கிரதைன்னு எழுதி அவள வேலையில இருந்து நிறுத்திட்டாங்க. கல்யாணம் நிச்சயமாகி இருந்துச்சு. அவங்க வரலன்னு சொல்லிட்டாங்க. அஜாக்கிரதையான பொண்ணு எந்த வீட்டுல வெளக்கேத்தும்னு ஊரும் சொல்லிருச்சு. ஊர் வாய மூட உலைமூடி உண்டா? எங்களுக்கு அடுத்த தெருதான். இன்னைக்கும் இடது கையாலதான் கோலம் போடுறா.

அது கெடக்கட்டும். மருமக சாயங்காலம் வந்தா. "லேப்டாப்பத் தொறந்து பாரும்மா"ன்னேன். குங்குமத்தப் பாத்தா. தொறந்தா. பளபளன்னு வந்து நின்னுச்சு, உள்ள ஒண்ணுமே இல்லாம. "பழசு எங்க மாமா"ன்னா. கொல்லைப் பக்கம் கையக் காட்டினேன்.

கத்தல தம்பி. கத்தியிருந்தாக்கூட நாலு வார்த்தை பேசித் தீத்திருக்கலாம். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல குத்தவச்சு உக்காந்து ஒண்ணொண்ணாப் பொறுக்கினா. உள்ள தகடு இருக்கும்னு பாத்தா கண்ணாடிச் சில்லு, முகம் பாக்கிற மாதிரி மினுங்குது. வெரல்ல குத்தி ரத்தம் வருது, அது பாட்டுக்குப் பொறுக்குறா. "விளக்குமாறு எடுத்துக் கூட்டும்மா"ன்னு நல்லதுக்குச் சொன்னேன். நிமிந்து ஒரு பார்வை பாத்தா, அவ்வளவுதான். எல்லாத்தையும் ஒரு டிபன் டப்பாவுல போட்டுக்கிட்டு மறுநாளே மதுரைக்குப் போனா. கடைக்காரன் மூடியத் தொறந்து பாத்துட்டு, "யாருக்கா இப்படிப் பண்ணது"ன்னு மட்டும் கேட்டானாம். டப்பாவ மூடித் திருப்பிக் கொடுத்துட்டான்.

அன்னைக்குத் திரும்பி வந்து பையில துணிய அடுக்கிக்கிட்டே ஒண்ணு சொன்னா. "அத்தை பேசினத நான் ஆராய்ச்சியில சேக்கவே இல்ல மாமா. மூணு வருஷமா தனியா எடுத்து வச்சிருந்தேன். நீங்க இருக்கிற வரைக்கும் வெளிய எடுக்குறதா இல்ல. அதுக்காக மிச்சம் நாப்பது பேர அடிச்சு நொறுக்கிட்டீங்களே." பாருங்க! இதை மொதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா என்ன? சொல்லணும்ல? சொல்லாம மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டு எனக்கு மூணு வருஷம் காப்பி ஆத்திக் கொடுத்திருக்கா. எப்பேர்ப்பட்ட நெஞ்சழுத்தம்னு நீங்களே சொல்லுங்க.

மகன் போன்ல, "அப்பா தெரியாமப் பண்ணிட்டாரு, விடு தமயந்தி"ன்னான். அவ போனை எங்கிட்ட நீட்டினா, நீங்களே சொல்லுங்கன்னு. நான் சொன்னேன், ஆமாப்பா தெரியாமத்தான்னு. அதோட பையத் தூக்கிட்டா.

நானும் யோசிச்சுப் பாத்தேன் தம்பி. போனது போச்சு. நாப்பத்தொரு பேருல ஒம்பது பேரு போய்ச் சேந்துட்டாளுக. மிச்சம் முப்பத்திரெண்டு பேரு ஊருலதானே இருக்காளுக? மறுபடி ஒரு நடை போயிப் பேசச் சொல்ல வேண்டியதுதானே. வாய் வலிக்கவா போகுது? இதைத்தான் இன்னைக்கு அவகிட்டச் சொல்லலாம்னு போறேன். ரெண்டு மாசமா ஓட்டல் காப்பி, வயிறு புண்ணாப் போச்சு. வீட்டுல விளக்கேத்த ஆளில்ல.

வருவாளான்னா, வருவா. ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கா. கேளுங்க இந்தக் கூத்த. "சண்முகத்தாய் அக்கா வீட்டுக்குப் போங்க மாமா. அத்தை சொன்னத உங்க வாயால அந்த அக்காகிட்டச் சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா அடுத்த பஸ்ஸுல நானே வந்துர்றேன்." அவ்வளவுதான் நிபந்தனை. அடுத்த தெரு. நடந்தா நூறு எட்டு இருக்கும். அதுக்குப் போகாம எதுக்குய்யா ஒரு மணி நேரம் பஸ்ஸுல போறேங்கிறீங்களா? முப்பத்தோரு வருஷம் கழிச்சுப் போயி என்னத்தச் சொல்ல? சொன்னா அவளுக்குக் கை முளைச்சிரப் போகுதா?

அப்பச் சூப்பர்வைசர் தலைக்கு மேல நின்னு கத்துறான் தம்பி, பஞ்சு மெஷின் ஏன் நிக்குதுன்னு. ஸ்டோர்ல புது சுவிட்சு இல்ல. டிராயர்ல பழசு கெடந்துச்சு. துடைச்சு மாட்டினா வேலை செஞ்சுச்சு. மூணு நாளு நல்லாத்தான் வேலை செஞ்சுச்சு. விபத்து நடந்த அன்னைக்கு எல்லாரும் அந்தப் புள்ளையத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுறாங்க. நான் பக்கத்து மெஷின்ல இருந்து ஒரு சுவிட்சக் கழட்டி இதுல மாட்டிட்டு, பழசை மடியில கட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். அதே துவைக்கிற கல்லுதான். அதே சுத்தியல்தான். பாக்கியத்தாய் அடுப்படியில இருந்து ஓடி வந்து பாத்தா. "என்னய்யா இது"ன்னா. எந்தச் சாமிகிட்டயும் சொல்லாததை அவகிட்டச் சொன்னேன். அவதான் கூட்டி அள்ளினா. அடுத்த வருஷம் எனக்குத் தலைமைப் பதவி கெடைச்சுச்சு, பாயசம் வச்சா. ஒரு வார்த்தை பேசல. நல்ல பொம்பளைன்னு நெனைச்சேன்.

என்ன தம்பி? கேக்கலைன்னு சொன்னீங்களே, அப்ப என்ன பேசினாங்கன்னு எப்படித் தெரியும்னா?

அந்தப் புதன்கிழமை மத்தியானம், மதுரைக்காரனுக்குப் போன் பண்றதுக்கு முந்தி, மருமக பதிஞ்சு வச்சதுல எது தொறக்குது, எது தொறக்கலைன்னு ஒண்ணொண்ணா அமுக்கிப் பாத்துக்கிட்டிருக்கா. நான் ஹால்ல பேப்பர் படிக்கிறேன். செத்து மூணு வருஷம் ஆனவ குரல் வருது, ரூம்புக்குள்ள இருந்து. மூச்சு வாங்கி வாங்கிப் பேசுறா, சுவிட்சப் பத்தி, துவைக்கிற கல்லப் பத்தி. டிஸ்க்குத்தான் கெட்டுக் கெடக்குல்ல, ஒரே எடத்துல சிக்கிக்கிச்சு. "என் வீட்டுக்காரருதான்... என் வீட்டுக்காரருதான்... என் வீட்டுக்காரருதான்..." மருமக பதறிப் போயி அமுக்குறா, நிக்கல. எத்தனை தரம்னு நெனைக்கிறீங்க? நான் எண்ணினேன். பதினேழு தரம். கெட்டுப்போன மெஷினை ஓட விடலாமா தம்பி? நீங்களே சொல்லுங்க.

இந்தா, சங்கரன்கோவில் வந்துருச்சு. அந்தப் பையக் கொஞ்சம் பிடிங்க, எந்திரிச்சுக்கிறேன். பாத்து, பாத்து, உள்ள புதுசு இருக்கு.

சிக்கினது விட்டதும் பாக்கியத்தாய் கடைசியா ஒண்ணு சொன்னா அதுல. "இதைச் சொல்லாமப் போனா என் கட்டை வேகாது தாயி, அந்தப் புள்ளைகிட்டச் சொல்லிரு"ன்னா. சுடுகாட்டுல கடைசி வரைக்கும் பக்கத்துல நின்னவன் நான். நல்லா வெந்துச்சு தம்பி. ஒரு குறையும் இல்லாம வெந்துச்சு.